ஞாயிற்றுக்கிழமை மறியல்

இராக் போர் தொடங்கிய வாரம் அது. மல்லாபூரில் ஒரு கிடங்கிலிருந்து அந்தப் போருக்குச் சாமான் ஏற்றிய லாரிகள் துறைமுகத்துக்குப் போகின்றன என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் சாப்ட்வேர் கம்பெனியில் ஏழு பேர் லாரிகளை மறிக்கத் தீர்மானித்தோம். லீவு கிடைக்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பக்கத்துச் சைனிக்புரியில் குடியிருந்த தமிழர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்.

கிடங்கு வாசலில் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தினோம். ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்த வாட்ச்மேன், எங்களுக்கு டீ வாங்கி வந்து கொடுத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியே கிளம்பாது என்று இந்தியில் பணிவாகச் சொன்னார்.

பட்டாளத்துக்காரர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சுலபமா நான் எதையும் தடுத்ததில்லப்பா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க."

எங்களுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு நெட் சென்டருக்குப் போய், மறுநாள் காய்ச்சல் என்று ஏழு பேரும் மேனேஜருக்கு மெயில் அனுப்பினோம்.

திங்கட்கிழமை காலை முதல் லாரி வாசலுக்கு வந்தது. பட்டாளத்துக்காரரோடு ஏழு காய்ச்சல்காரர்களும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.