நாலு பக்கமும் பெயர்

அப்பா இறந்து வருஷம் திரும்பப்போகிறது, புதைத்த இடத்தில் ஏதாவது கட்டு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கத்தில் சிமெண்டில் ஒரு மேடை கட்டி, விளக்கு வைக்க அதில் ஒரு மாடம் விடுவார்கள். அந்த மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு வருஷமாக மனதில் சேர்ந்ததையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. எனக்கோ, அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவருக்கு ஒரு சிமெண்ட் மேடை போதாது என்று வீறாப்பு.

பூந்தமல்லி போகும் வழியில் ஒரு கிரானைட் கடை. வாசலில் ஆளுயரக் கருங்கல் தூண் ஒன்று நின்றது. நாலு பட்டை, மேலே போகப் போகக் குறுகி உச்சியில் கூர்.

“இது ஓபலிஸ்க்கு, அண்ணாத்தே. பெரிய மனுசங்களுக்கு வெக்கிறது,” என்றார் கடைக்காரர்.

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வரும்போதே போனில் தேடினேன். எகிப்தில் கோயில் வாசலில் சூரியனுக்காக நிறுத்துவார்களாம். போரில் செத்தவர்களுக்கும் வைப்பார்களாம். அச்சுப் புத்தகத்தில் சொல்லுக்குப் பக்கத்தில் போடும் குத்துவாள் வடிவ அடையாளத்துக்கும் இதே பெயராம். தமிழில் ஒருவர் தூபி என்கிறார், இன்னொருவர் நாற்கோணத் தூண் என்கிறார். சாமியா, சண்டையா, அச்சடிப்பா? இதில் எது எங்கப்பா? ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததாலேயே பெரிய விஷயம் என்று தோன்றிவிட்டது. மறுநாளே சரி சொன்னேன். நாலு பக்கமும் பெயர் வெட்டலாமா என்று கடைக்காரர் கேட்டதற்கும் தலையாட்டினேன்.

நினைவு நாளன்று அம்மாவையும் தங்கையையும் அழைத்துப் போனேன். தூண் பளபளவென்று நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா அகல்விளக்கோடு அதை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார்.

“மாடம் எங்க நைனா?”

“இதுல அது வராதும்மா. தரையில வெச்சுக்கலாம்.”

“வெக்கிறேன். எந்தப் பக்கம் வெக்கிறது? உங்கப்பா மூஞ்சி எந்தப் பக்கம் கீது?”

நானும் சுற்றிப் பார்த்தேன். நாலு பக்கமும் அதே பெயர், அதே எழுத்து. முதல் பிடி மண்ணைத் தள்ளியவன் நான்தான். ஆனால் மேட்டைச் சமப்படுத்திச் சதுரமாகத் தளம் போட்டபின் தலைமாடு எது, கால்மாடு எது என்று எனக்கே பிடிபடவில்லை. மானம் போனது.

“தெரியலம்மா,” என்றேன்.

அம்மா திட்டவில்லை. ஒரு பக்கம் படையல் இலையைப் போட்டார். அதற்கு எதிர்ப்பக்கம் தங்கையை உட்காரச் சொன்னார். மிச்சமிருந்த இரண்டில் ஒன்றில் நான், எனக்கு நேர் எதிரே கல்லுக்கு அந்தப் பக்கம் அம்மா.

“எந்தப் பக்கம் பாத்தாலும் நம்மள்ல ஒருத்தரோ படையலோ அவரு கண்ணுல படும்,” என்று விளக்கை ஏற்றினார்.

பிறகு அப்பாவிடம் பேச ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்தது. அழுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். நான் வைத்த கல் மறைத்தது.