சாய்கோட்டில் நின்ற பெயர்கள்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். கோபம் அபூர்வமாகத்தான் வரும். வந்த கோபங்களில் ஒன்று இன்னும் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தீவில், கெலுகோரில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். நாலு பேர், மூன்று கணினி. கம்பெனிகளுக்கு இணையத்தில் அகப்பக்கம் செய்து கொடுப்பது தொழில். நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் ஆறு வருடம் சர்க்கிட் பலகைக்கு ஈயம் வைத்தேன். பிறகு பழைய புத்தகங்களை வாங்கிப் படித்துக் கணினி கற்றுக்கொண்டு இங்கே வந்தேன். முதலாளியும் தமிழர்தான், பட்டதாரி. சின்னத் தப்பு வந்தாலும், "மூணாம் பாரத்துக்கு இவ்வளவுதான் வரும்லா" என்று சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அந்த வருடம் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் எங்களிடம் வேலை கொடுத்தது. தேர்வான மாணவர்களின் பட்டியல் அகப்பக்கத்தில் இருக்கும். மாணவர் தன் பெயரை அமுக்கினால் அவருக்கான பக்கம் திறக்கும். அங்கே 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பொத்தானைத் தட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தட்டாதவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பக்கத்தின் முகவரியிலேயே மாணவரின் பெயர் வரவேண்டும் என்பது முதலாளி வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. பார்க்க அழகாக இருக்குமாம். நிஜத்தில் அப்படிப் பக்கம் எதுவும் கிடையாது. சர்வரில் நான் ஒரு விதி எழுதி வைப்பேன். இப்படி ஒரு முகவரி வந்தால் அதிலுள்ள பெயரைப் பிடுங்கி, உள்ளே தேடும் நிரலிடம் கொடு என்று அந்த விதி சொல்லும். பெயரில் இடைவெளி இருந்தால் சிக்கல், மேற்கோள் குறி இருந்தால் சிக்கல். எனக்குத்தான் கவலை வியாதி ஆயிற்றே, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். யுரேசியர் பெயரில் வருகிற ஒற்றைக் குறி, சீனர் பெயருக்கு நடுவே மறுபெயரைக் காட்ட வருகிற சுழித்த 'அட்' குறி, எல்லாம் ஓடின. கடைசியாக என் பெயரையே போட்டுப் பார்த்தேன். அதுவும் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். இருபது வயது இருக்கும். தொழிற்சாலைச் சட்டையின் மேல் ஜாக்கெட். மாக் மண்டினில் லீவு சொல்லி, ஃபெரி ஏறி, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் ஒரு தாள். சூலியா தெருவில் கணினி வாடகைக்கு விடுகிற கடையில் அச்செடுத்தது.

"அண்ணே, இந்த வெப்சைட்டு நீங்கதான் செஞ்சதா? அடியில உங்க கம்பெனி பேரு போட்டிருக்கு."

"ஆமாம்மா. என்ன விஷயம்?"

"லிஸ்ட்ல என் பேரு இருக்கு. அமுக்குனா ஆளே இல்லைங்குது. மூணு நாளா அமுக்குறேன். கடைக்காரர் என்னைப் பாத்தாலே எழுந்து போயிர்றாரு."

தாளைப் பார்த்தேன். 'நீங்கள் தேடியது இங்கே இல்லை.' மேலே அவளுடைய முகவரி. அவள் பெயர், பிறகு ஏ, பிறகு ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டும் எஃப்பும், பிறகு பி, பிறகு அப்பா பெயர்.

இந்த நாட்டில் எங்கள் ஆட்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஏ/எல் என்றோ ஏ/பி என்றோ இருக்கும். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள். நடுவில் ஒரு சாய்கோடு. முகவரியில் சாய்கோடு என்றால் ஒரு அறை முடிந்து அடுத்த அறை தொடங்குகிறது என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் என் விதி பாதிப் பெயரோடு நின்றுவிடும். விழுக்காட்டுக் குறி, இரண்டு, எஃப் என்று சங்கேதமாக மாற்றி அனுப்பினாலோ, சர்வர் என் விதியைப் பார்ப்பதற்கு முன்னமேயே இல்லை என்று சொல்லிவிடும். பட்டியலில் சாய்கோடு உள்ள எந்தப் பெயரும் திறந்திருக்காது.

அப்படியானால் என் பெயர் எப்படி ஓடியது? நான் ஏ/எல் போடாமல் தட்டியிருக்கிறேன். தொழிற்சாலையில் பஞ்ச் கார்டின் கட்டம் சின்னது, அப்போதே விட்டது. விசிட்டிங் கார்டில் முதலாளி விடச் சொன்னார், விட்டேன். எங்கே இடம் போதவில்லையோ அங்கே முதலில் அதைத்தான் விடுவோம். விட்டு விட்டு, அது இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

முதலாளியிடம் ஓடினேன். அவர் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு வாரமா கம்ப்ளேய்ன் ஏதாச்சும் வந்துச்சா? வரல. அப்ப என்ன பிரச்சினை?"

"இந்தப் பொண்ணு வந்திருக்கே, பாஸ்."

"டேட்டால இருந்து ஏ/பி எல்லாத்தையும் எடுத்துரு. அஞ்சு நிமிஷ வேலை."

"எடுத்தா பேரு ஐசி கார்டோட ஒத்து வராது. ரெஜிஸ்டர் பண்ற அன்னைக்கு வேற ஆளுன்னு திருப்பி அனுப்பிருவாங்க."

"அது அவங்க பாடு லா."

"விண்ணப்ப நம்பரை முகவரியில வச்சு, பேரைப் பின்னால போடுறேன் பாஸ். நம்பரை வச்சுத் தேடட்டும்."

"பேரு வரும்னு நான் வித்தாச்சு. நம்பர் போட்டா அசிங்கமா இருக்கும். மூணாம் பாரம் எனக்கு டிசைன் சொல்லித் தருதா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னாள்: "சார், எனக்கு அழகெல்லாம் வேணாம். கதவு தொறந்தாப் போதும்."

முதலாளி காரை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார். பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்து கெடுவை நீட்டிக் கேட்கலாம் என்றால், பொறுப்பாளர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார், மூன்று மணிக்குத்தான் வருவாராம். நான் கேட்காமலேயே விதியை மாற்றினேன். முதலில் எண், அதன் பின் பெயர், முகவரியில் மட்டும் சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு. பக்கத்துக்குள் முழுப்பெயர் அட்டையில் உள்ளபடியே. வேலை போய்விடும் என்ற பயத்தில் அவசரமாகத் தட்டினேன். ஒரு எழுத்து தப்பாகி அகப்பக்கம் முழுவதுமே பத்து நிமிடம் படுத்துவிட்டது. அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த பிஸ்கட்டைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே முக்காலுக்கு அவள் பக்கம் திறந்தது. தட்டினாள். தட்டிய பிறகும் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"போயிருச்சாண்ணே?"

"போயிருச்சும்மா."

"திரும்ப ஒரு தடவை பாருங்க." பார்த்தேன். பதிவாகியிருந்தது. அவள் சாயங்கால ஃபெரிக் கூட்டத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று படியிறங்கினாள்.

அதற்கப்புறம்தான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனில் உட்கார்ந்தேன்; பொறுப்பாளர் மூன்று மணிக்குப் பிறகும் கிடைக்கவில்லை. ஏ/எல், ஏ/பி உள்ள ஒருவரும் அவளைத் தவிர ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. சிலர் வீட்டில் போன் எடுக்கவில்லை. சிலர் ஓடிப்போய் ஐந்து மணிக்குள் தட்டினார்கள். ஒரு தகப்பனார் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"இல்லைன்னு வந்துச்சு தம்பி. சரின்னு விட்டுட்டோம். பையன் புதன்கிழமையே பேக்டரியில சேந்துட்டான். இப்ப ஷிப்ட்ல இருக்கான், ஏழு மணிக்குத்தான் வருவான்."

"லிஸ்ட்ல பேரு இருந்துச்சேண்ணே, கேட்டிருக்கலாமே."

"யாருகிட்ட கேக்குறது? கம்ப்யூட்டரே இல்லைங்குது."

ஒரு வாரமாகப் புகார் வராததன் காரணம் அதுதான். இல்லை என்று திரை சொன்னதும் நம்பியிருக்கிறார்கள். சரி என்று டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த 'சரி' மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு என் மேல். முதலாளி மேல் வந்தது கடைசியில், ஆனால் அதுதான் தங்கிவிட்டது. ஐந்து மணி தாண்டி அவர் பயிற்சி நிலையத்தோடு பேசியது என் மேசைக்குக் கேட்டது: "சிஸ்டம் எல்லாம் ஓகே. பசங்கதான் கேர்லெஸ்." பொறுப்பாளர் நீட்டிக்கவில்லை. அந்தப் பையனின் இடம் போயிற்று.

அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. வேறெங்கே யார் சேர்ப்பார்கள் என்ற பயம். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்தேன். அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை விசிட்டிங் கார்டு தீர்ந்துவிட்டது என்று புதிதாக அடிக்கக் கொடுத்தார்கள். என் பெயரை அட்டையில் உள்ளபடி ஏ/எல் போட்டு எழுதிக் கொடுத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, இடம் போதாது என்றார்.

"எழுத்தைச் சின்னதாப் போடச் சொல்லுங்க," என்றேன்.