லான் அக்காவின் மகள் எந்த ஊர்க் கணக்கில்

1. இன்று காலை மக்கள்தொகைக் கணக்கின் முடிவுகள் வந்தன.
2. மேகாங் டெல்டாவில் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். சைகோனும் அதைச் சுற்றிய தென்கிழக்கு மாகாணங்களும் பெருத்திருக்கின்றன.
3. அதை வரைபடமாக்கும் வேலை என்னிடம் வந்தது. டெல்டாவிலிருந்து சைகோனுக்கு ஒரு தடித்த அம்பு போடச் சொன்னார்கள்.
4. பக்கத்து மேசைக்காரி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். மீன், கருக்கிய சர்க்கரை, மிளகு.
5. அம்பு பாதியில் நின்றது.

அது லான் அக்காவின் அறை மணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சைகோனில் சோலோன் பகுதியைத் தாண்டி ஒரு சந்தில், ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கிடந்த வாடகை அறைகளில் ஒன்றில் இருந்தேன். மீனில் சர்க்கரையா என்று காரைக்கால்காரியான நான் முதல் நாள் முகம் சுளித்தேன். மறு வாரம் தட்டோடு அவள் வாசலில் நின்றேன். என் கொள்கைகளின் ஆயுள் பொதுவாக அவ்வளவுதான்.

லான் டெல்டாவிலிருந்து வந்தவள். செருப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை. கணவன் விட்டுப் போய்விட்டான். ஹோவா என்று ஒரு மகள். அந்த ஆண்டு ஹோவா முதல் வகுப்பில் சேர வேண்டும். இங்கே இடம் கிடைக்காவிட்டால் ஊருக்கு அனுப்ப வேண்டும். லானின் தூக்கத்தைக் கெடுத்தது அது ஒன்றுதான்.

வெளிநாட்டுக்காரி என்பதால் வீட்டுக்காரம்மா என்னைக் காவல் நிலையத்தில் முறையாகப் பதிந்திருந்தாள். அங்கே குடியிருந்த சொந்த நாட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பதிவு இல்லை. கணக்கெடுப்பு வருகிறது என்றதும் விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள்.

“எழுதறவங்க வர்ற வாரம் பதிவில்லாதவங்க ஒருத்தரும் இங்க இருக்கக் கூடாது. அபராதம் நீயா கட்டுவே?”

லான் கலங்கவில்லை. “நல்லதாப் போச்சு தங்கச்சி. ஊர்ல அப்பா வீட்டுலயே எண்ணிக்கட்டும். திதிக்குப் போறதில்லையா, அது மாதிரி” என்றாள் என்னிடம். அவர்கள் பக்கம் முன்னோர் திதிக்குப் பிள்ளைகள் எங்கிருந்தாலும் தகப்பன் வீட்டில் கூடியாக வேண்டும். தலை எண்ணுவதும் அங்கேதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரிலிருந்து திரும்பி வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். வீட்டில் யார் யார் என்று கணக்கெடுக்க வந்தவன் கேட்டதும் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, “நான் மட்டுந்தான் தம்பி. இவ என் மக, சைகோன்காரி! பேத்தியும் சைகோன்காரி! சும்மா பார்க்க வந்திருக்காங்க” என்றாராம்.

“சைகோன்காரியாம்! என் மூஞ்சியப் பாரு” என்று என் தோளில் அடித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு ஊர்க் கணக்கிலும் அவர்கள் ஏறவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பள்ளிச் சேர்க்கைக்காக லான் ஹோவாவோடு வார்டு அலுவலகம் போனபோது நானும் துணைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கெட்டவள் இல்லை, களைத்திருந்தாள்.

“அக்கா, உங்க வரிசையில பிள்ளைங்களே இல்லைன்னு இருக்கு. கணக்கை வச்சு வகுப்பெல்லாம் ஒதுக்கியாச்சு.”

“இதோ நிக்குதே. இது பிள்ளை இல்லாம வாத்தா?”

அந்தப் பெண் ஹோவாவைப் பார்த்தாள். “வசிப்பிடப் பதிவு கொண்டாங்க, முயற்சி பண்றேன்.”

லான் வீட்டுக்காரம்மா முன்னால் மண்டியிட்டாள், குழாயடியில், எல்லாரும் பார்க்க.

“எந்திரி, எந்திரி. உனக்குப் பதிஞ்சா எல்லாரும் வந்து நிப்பீங்க. பொண்ணை ஊருக்கு அனுப்பு.”

தனியார் பள்ளி அவள் சம்பளத்துக்கு எட்டாது. ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கேட்ட அன்றே இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் போதாமல் அங்கே வகுப்புகளை ஒன்றாக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேற்குப் பேருந்து நிலையத்தில், அழைத்துப் போக வந்த தாத்தா எங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை. சன்னல் வழியாக ஹோவா கேட்டாள்: “நான் போயிட்டா நீ வேற பிள்ளை வச்சுக்குவியாம்மா?”

லான் வாயைத் திறந்தாள். பேருந்து கிளம்பிவிட்டது.

அன்று அவள் சமைக்கவில்லை. அதன் பிறகு அந்த வரிசையில் மீன் மணந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வரிசையே இப்போது இல்லை, அடுக்குமாடி நிற்கிறது. குழாயடி, தகரக் கூரை, வீட்டுக்காரம்மாவின் அதட்டல், எதுவும் இல்லை. தொழிற்சாலை பக்கத்து மாகாணத்துக்கு நகர்ந்தது, லானும் நகர்ந்தாள். அதற்கடுத்த புத்தாண்டுக்கு லான் ஊருக்குப் போனபோது ஹோவா தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். தொலைபேசியில் இதைச் சொல்லும்போது லான் அழவில்லை. அழுதிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இந்த முறை இருவரையும் எண்ணிவிட்டார்கள். தாய் தென்கிழக்கில். மகள் டெல்டாவில்.