அத்தானின் விமானத்துக்கு நான் அடித்த வெள்ளி

அத்தானுக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், அவர் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மாடல் விமானம் பாதியில் நின்றது. "உள்ள மட்டும் வெள்ளி அடிச்சுத் தா மக்கா. மாடலுக்குன்னே உள்ள பெயிண்டுதான் வாங்கணும், கேட்டியா?" என்று என்னிடம் கொடுத்தார். உள்ளே விமானியின் இருக்கை நகத்தளவுதான். கை திடமாக இருந்த நாளில் அவரே செதுக்கியது.

மாடல் பெயிண்ட் கொள்ளை விலை. நகத்தளவு இடத்துக்கு இத்தனையா என்று, ஆரியசாலைக் கடையில் ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் அலுமினியம் பெயிண்டை வாங்கினேன். கெட்டியாக இருந்ததால் தின்னரைத் தாராளமாக ஊற்றினேன். அடித்ததும் தகதகவென்று மின்னியது. சற்று நேரத்தில் தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்க, இருக்கை அல்வாவாகக் குழைந்தது. ஊதினேன், விசிறினேன், ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். கிழக்கேகோட்டைப் பெருமாளைக் கூப்பிட்டேன். அவர் பள்ளிகொண்டபடியே இருந்துவிட்டார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பைலட்டு வெளிய சாடித் தப்பிச்சானா மக்கா?" என்று சிரித்தார். பிழைத்தேன் என்று நானும் சிரித்தேன். பிறகு, உருகிய இடத்தை நடுங்கும் விரலால் தடவி, "இனி இதுபோல ஒண்ணு என் கையால ஆகாது, அல்லே?" என்றார்.



அந்த விமானம் இன்னும் அவர் அலமாரியில் நிற்கிறது. அங்கே போனால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.