சேராத ரத்தம் என்று நான் சொன்னது

வெள்ளையம்மாவின் ரத்தம் எந்த ரத்தத்தோடும் சேரவில்லை என்று நான் சொன்னது பொய். சேருமா, சேராதா என்று நான் சோதித்துப் பார்க்கவே இல்லை!

இருபத்திரண்டு வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

கொல்லிமலையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அங்கே நான் லேப் டெக்னீஷியன். ரத்தப் பைகள் இருக்கும் பிரிட்ஜ் என் பொறுப்பு. இரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது. ஆறைத் தாண்டக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதினால் போதும். நான் மணிக்கு ஒரு தடவை பார்த்தேன்.

"வீட்டம்மாவ இத்தன தடவ எட்டிப் பாத்திருந்தா அவுங்களாவது சந்தோசப்பட்டிருப்பாங்க சார்!" என்று நர்ஸ் கேலி செய்வார். எனக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது.

பைகள் அடிவாரத்துக்கு அப்பாலிருந்த ரத்த வங்கியிலிருந்து வரும். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணியபடி நானே பஸ்ஸில் கொண்டுவருவேன். பெட்டிக்கு நான்கு ஐஸ் பொட்டலங்கள். ஐஸ் பையைத் தொடக் கூடாது. நடுவில் அட்டை வைக்க வேண்டும். உறைந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அதற்குப் பிறகு அதை ஒரு மனிதருக்கு ஏற்றுவது கொலை.

அன்று கத்திரி வெயில். எனக்குப் பயம்... என்னோடு பிறந்த பயம்! நான்கு போதாது என்று ஆறு வைத்தேன். இடம் இல்லை. அட்டையை உருவிவிட்டேன். சூட்டுக்குப் பயந்தவன் குளிருக்கும் கொஞ்சம் பயந்திருக்கக் கூடாதா?

மேலே வந்து பெட்டியைத் திறந்தேன். இரண்டு பைகளின் ஓரத்திலும் விரலுக்கு நறநறவென்று தட்டுப்பட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே வாய் திறந்திருந்தால் மறுநாள் காலைக்குள் வேறு பைகள் வந்திருக்கும். நானோ அவற்றை பிரிட்ஜில் வைத்து, 'நான்கு டிகிரி' என்று பதிவேட்டில் எழுதினேன். எண் சரியாகத்தான் இருந்தது!

மறுநாள் மத்தியானம் மலைமேலேயே உள்ள குண்டூர் நாட்டிலிருந்து வெள்ளையம்மாவைக் கொண்டுவந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை.

"அவங்க குரூப் ரெண்டு பை இருக்குல்ல சார்? மேட்ச் பண்ணிக் குடுங்க, சீக்கிரம்!" என்று டாக்டரம்மா அவளுடைய ரத்த மாதிரியை என் கையில் கொடுத்தார்.

பிரிட்ஜைத் திறந்தேன். பைகளின் மேல்பக்கம் தெளிந்து நிற்க வேண்டிய நீர், பீட்ரூட் சாறு போலச் சிவந்து கிடந்தது.

வெளியே போய், "கெட்டுவிட்டது, என்னால்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கதவைச் சாத்திக்கொண்டேன். சோதனைக்கு இருபது நிமிடம் ஆகும். சோதித்ததுபோல் தெரிய வேண்டுமே! கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிடம் சும்மா நின்றேன். இரண்டு சுவர்களுக்கு அப்பால் அவள் உதிரம் வடிந்துகொண்டிருந்தது...

பிறகு வெளியே வந்து சொன்னேன். "சேரலை டாக்டர். ரெண்டுமே சேரலை."

ஜீப்பில் கீழே அனுப்பினார்கள். ஏறுவதற்கு முன் அவள் கணவன் செல்லன் என் கையைப் பிடித்தான். "ஏனுங்க சார், எம் பொண்டாட்டி ரத்தம் யாரோடயும் சேராதுங்களா?"

"சில பேருக்கு அப்படித்தான்" என்றேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். கீழே அதே குரூப்பில் மூன்று பை ஏற்றினார்களாம். மூன்றும் சேர்ந்தன. போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செல்லனிடம் சொல்லவில்லை.

ஆனால் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்னால் மலை முழுக்க நடந்துவிட்டது. சேராத ரத்தக்காரி... சேராத ரத்தத்து வீடு! செல்லனுக்கோ என்மேல் நன்றி. சரியான நேரத்தில் சொல்லிக் காப்பாற்றினேனாம்! வருடம் தவறாமல் ஒரு பலாப்பழம் சுமந்துவருவான். சுளைகளை எண்ணி எண்ணித் தின்றேன்.

அன்று பிறந்த கவிதாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. மூன்று சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுபோயின. போன மாதம் நான்காவது. எடப்புளி நாட்டு மாப்பிள்ளையின் அம்மாவைச் செல்லன் நேராக என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான்.

"சார்கிட்டயே கேட்டுக்கங்க. எண்ணாம ஒரு வார்த்தை பேச மாட்டாருங்க" என்றான்.

அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் புள்ள ரத்தமும் அம்மாளாட்டந்தானுங்களா?"

இதோ, வாசல் திறந்து கிடந்தது! கடவுளே கொண்டுவந்து நிறுத்திய சாட்சிகள் இருவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பொண்ணுக்கு அப்படி இருக்காதுங்க. அது அம்மாவுக்கு மட்டும்தான்."

அவள் சிரித்தாள். "நெறம் வருது, மூக்கு வருது, ரத்தம் மட்டும் வராதுங்களா? நாளைக்குப் பிரசவத்துல எம் மருமவளத் தூக்கிட்டு நான் எந்த மலை எறங்கறதுங்க?" எழுந்துவிட்டாள். காப்பியைத் தொடவில்லை.

செல்லன் அவள் தொடாத காப்பியை ஓரமாக நகர்த்திவைத்தான். பிறகு, "உடுங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க? உள்ளதத்தானே சொல்ல முடியும்" என்றான். எனக்கு ஆறுதல் சொன்னான்... எனக்கு!

கொண்டுவந்த பழத்தை மூலையில் இறக்கிவைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று போனான். இருபத்திமூன்றாவது பழம். பழுத்து, வெடித்து, வீடெல்லாம் நாறியது. அறுக்கவில்லை. ஒன்பதாம் நாள் குழி தோண்டிப் புதைத்தேன்.

என் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்கு மூவாயிரத்து நானூற்றுப் பதினாறு அடி. இதுவரை ஏழு தடவை கிளம்பியிருக்கிறேன். ஒரு தடவை அவன் மிளகுக் கொடிகள் கண்ணில் படும் தூரம்வரை போய்த் திரும்பினேன்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். பாரம் இறங்கும் என்றார்களே... இறங்கவில்லை. ஏன் இறங்கும்? செல்லனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதானே இதை எழுத உட்கார்ந்தேன்!