வலப்பக்கம் விழுந்த பூ

இந்த நாட்டில் அழுவதற்குக்கூட நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு, மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம், செவ்வாய்க்கிழமை மாலை நாலேகால் மணி. ஐந்து நிமிடம் முன்னால் போய் மணியடித்தால் கதவு திறக்காது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு சொட்டுக்கூட அனுமதி இல்லை. அறையில் இரண்டு நாற்காலி, நடுவில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, டாக்டரம்மாவுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் ஒரு கடிகாரம். முதல் நாள் உள்ளே போய் உட்கார்ந்ததும், சாப்பிட்டாயா என்று கேட்பார் என என்னையறியாமல் காத்திருந்தேன். எங்கள் எருமப்பட்டிப் பக்கம் சண்டைக்கு வருகிறவர்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார். இவரோ, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார். காபியா தண்ணீரா என்று கேட்கிறார் போல என்று நினைத்து, "ஒன்றும் வேண்டாம், நன்றி" என்றேன். அதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. தெற்கே ஒரு நடுத்தர நகரத்தில், மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போன குளிர்காலத்தில் தொண்டை அடைக்கத் தொடங்கியது. தண்ணீர் இறங்கும், சோறு இறங்காது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று சொல்லி டீஃபென்ப்ஸிஷோலோகி படித்த இந்த அம்மாவிடம் அனுப்பிவிட்டார்கள். டீஃபெ என்றால் ஆழம். மனசின் அடியில் இறங்கிப் பார்க்கிற வைத்தியம். ஆழம் என்றதும் எனக்கு ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிதான் ஞாபகம் வந்தது. எத்தனை அடி தோண்டினாலும் என்னிடம் தண்ணீர் வராது, வெறும் புழுதிதான் கிளம்பும் என்ற எண்ணத்தோடுதான் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். அன்றுதான் அம்மாவோடு வீடியோவில் பேசுவேன். அதில் என்ன கஷ்டம் என்று கேட்டார். மூன்று செவ்வாய்க்கிழமை கழித்துத்தான் சொன்னேன். என் கணவரும் நானும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. சண்டை சச்சரவெல்லாம் இல்லை, இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துபோயிற்று. நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, ஒரே குடையில் ரயில் நிலையம் வரை நடந்தோம். அம்மாவுக்கு இது தெரியாது. கணவர் விட்டுச்சென்ற நீல நிறக் குளிர் ஜாக்கெட் ஒன்று என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதற்கு முன் அதை எடுத்து என் நாற்காலிக்குப் பின்னால், படத்தில் தெரிகிற மாதிரி மாட்டிவைப்பேன். "மாப்பளை எங்க சாமி?" என்று அம்மா கேட்டால், "ட்யூட்டிங்மா" என்பேன். அம்மா ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளுருல கோட்டை உட்டுப்போட்டா போனாரு" என்று வருத்தப்படுவார். அந்த வருத்தம்தான் என் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் திட்டலாம். திட்டுவதற்கு முன் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். அப்பா போன பிறகு சின்ன வெங்காயக் காட்டையும் இரண்டு எருமைகளையும் வைத்துக்கொண்டு என்னைப் படிக்கவைத்தவர். இந்த மாப்பிள்ளையை அவர்தான் தேடிப் பிடித்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "என்ற புள்ளையும் மாப்பளையும் ஜெர்மனில" என்று ஆரம்பித்துத்தான் பந்தியில் உட்காருவார். இது தெரிந்தால் இனி அந்தப் பந்தியில் அவர் எப்படி உட்காருவார்? கடல் தாண்டி இருக்கிற உங்களில் பலருக்கும் இப்படி ஒரு ஜாக்கெட் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிலருக்கு அது வேலையாக இருக்கும், சிலருக்கு விசாவாக இருக்கும்.

டாக்டரம்மா திட்டவில்லை. அவர் சொன்னது இதுதான். ஊருக்குக் காட்டுகிற முகம் ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. அது தப்பும் இல்லை. அதற்குப் பின்னால், நான் என்று நாம் சொல்லிக்கொள்கிற ஆள் இருக்கிறார், அவருக்குக் கொஞ்சம்தான் தெரியும். இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு, நமக்கே தெரியாததையும் வைத்துக்கொண்டு முழு ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறார். அதைத்தான் ஸெல்ப்ஸ்ட் என்கிறார்கள். நாம் திசை தப்பும்போது அவர் கனவிலும் உடம்பிலும் பேசுவார். "உங்கள் தொண்டையைப் பிடித்திருப்பது நோய் இல்லை, அவராகவும் இருக்கலாம்" என்றார். எனக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. எங்கள் ஊரில் அதற்கு அம்மன் இருக்கிறாள் என்றேன். ஒரு காரியத்தை மனசில் நினைத்துக்கொண்டு பூக் கேட்போம். பூசாரி ஈரப் பூவை அம்மன் சிலையின் இரண்டு பக்கமும் ஒட்டிவைப்பார், வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. "அப்படியானால் முடிவு எடுப்பது யார், நீங்களா பூவா?" என்று கேட்டார். பூதான் என்றேன். "பூ சொன்னது உங்களுக்குப் பிடிக்காவிட்டால்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மனிடம் போய் யாராவது எதிர்ப்பேச்சு பேசுவார்களா என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டு, "எனக்காக அம்மன்கிட்டப் பூக் கேக்கோணுங்மா. என்னன்னு கேக்காதீங்க, நான் மனசுல நெனச்சுக்கறேன்" என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவராகவே ஊகித்துக்கொண்டார். பேரனோ பேத்தியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் குலதெய்வத்தின் முன் நின்றார். இங்கே எனக்குக் காலை எட்டு மணி. குளித்து முடித்துச் சமையலறை மேசை முன் உட்கார்ந்திருந்தேன், பின்னால் ஜாக்கெட் தொங்கியது. மனசில் நான் கேட்டது இது: தாயே, இந்தப் பொய்யை இப்படியே சொல்லிக்கொண்டு போகட்டுமா? எந்த அம்மாவிடம் பொய் சொல்கிறேனோ அந்த அம்மாவையே அனுப்பிப் பொய்க்கு உத்தரவு கேட்கிற கூத்து உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

அரை மணி நேரம் பூ அசையவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, இருந்தும் உட்காரவில்லை. பிறகு வலப்பக்கத்துப் பூ நழுவி விழுந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "குடுத்துட்டா சாமி, நீ நெனச்சது நடக்கும், போ" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. நான் கேட்ட உத்தரவு கைக்கு வந்துவிட்டது. நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஏமாற்றம். பூ இடப்பக்கம் விழ வேண்டும் என்று உள்ளே யாரோ அரை மணி நேரமாக வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யார் அவர்? பொய் சொல்லலாமா என்று கேட்டவள் நான்தான். வேண்டாம் என்று பூ சொல்லட்டும் எனக் காத்திருந்தவளும் நான்தான். இத்தனை செவ்வாய்க்கிழமையும் டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்த அந்த முழு ஆளை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். கும்பிடுகிற மாதிரியெல்லாம் இல்லை. பிடிவாதக்காரியாக, அசப்பில் என் அம்மா மாதிரி இருந்தாள்.

"அம்மா, அவரு ட்யூட்டில இல்லீங்மா" என்றேன். எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றி மேசைமேல் போட்டேன். பிரிந்துவிட்டோம் என்றும், இரண்டு வருடம் ஆயிற்று என்றும், பூவிடம் கேட்டது என்ன என்றும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். போன் மடியில் சாய்ந்துகிடந்தது, எனக்கு வேப்பமரமும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தன.

"அதைக் கேக்கவா நான் முட்டி நோவோட நின்னேன்?" என்று வந்தது குரல். பிறகு, "ரெண்டு வருசமா அவருக்குன்னு தனியாக் கட்டி எள்ளுருண்டை அனுப்பிச்சேனே, அதை யாரு தின்னா?"

"நாந்தானுங்மா."

"ரெண்டு பங்கையுமா?"

"ஆமாங்மா."

"எத்தனை அழுத்தக்காரி நீ" என்றார். அழுதுகொண்டே திட்டினார். பிரிந்ததற்குத் திட்டவில்லை, சொல்லாததற்குத்தான் அத்தனை திட்டும். காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுத்தது என்று கேட்டார். யாருமில்லை என்றதும் அதற்குத் தனியாகத் திட்டினார். இரண்டு வருடத்தில் எத்தனை காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் திட்டினார். திட்டத் திட்ட எனக்கு மூச்சு சீராக வந்தது. தொண்டை அன்றைக்கே சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய், அதற்கு இன்னும் பல செவ்வாய்க்கிழமை பிடித்தது.

கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, "அம்மனும் எதுக்குத் தப்பாச் சொன்னான்னு இப்பத்தான் தெரியுது" என்றார் அம்மா. "உன்னைக் கட்டிக் குடுத்தாச்சு. உனக்கு அந்த ஊட்டுச் சாமிதான் சாமி. இவகிட்டக் கேட்டா இவளுக்கு என்ன தெரியும்?" சொல்லிவிட்டு அவரே யோசனையில் ஆழ்ந்தார். அந்த வீட்டுச் சாமியும் இப்போது எனக்கு இல்லை. இந்த ஊரில் சாமியே இல்லை, மணியடிக்கிற தேவாலயம்தான் இருக்கிறது. "இரு, வாரேன்" என்று எழுந்து உள்ளே போனார். பூசாரியிடம் என் பேருக்கு ஓர் அர்ச்சனை என்றார்.

"மாப்பளை பேரையுஞ் சேத்துச் சொல்லுங்கம்மா" என்றார் பூசாரி.

"புள்ள பேரு மட்டும் போதுமுங்க."

பூசாரி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். "எந்த ஊருன்னு சொல்லட்டுங்க?"

அம்மா போனை முகத்துக்கு நேராகத் தூக்கினார். "எந்த ஊருன்னு சொல்லட்டும் சாமி?"

எருமப்பட்டி என்றாலும் ஜெர்மனி என்றாலும் பாதிதான் உண்மை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூசாரி பக்கம் திரும்பி, "எங்கூட்டுப் புள்ளைன்னு சொல்லுங்க, போதும்" என்றார்.

மணியடித்தது. திரையில் அம்மன் முன் தீபம் சுற்றியது. பூசாரி தட்டைப் போனுக்கு நேராகக் காட்டினார். நான் இரண்டு கையையும் திரையின் கண்ணாடிமேல் வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சூடு தெரியவில்லை. மறுபடியும் ஒரு தடவை ஒற்றிக்கொண்டேன்.