அந்தோனியார் படம் ஒட்டிய கார்

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்து அட்டனில் ஒரு பழைய ஆஸ்டின் கார் வாங்கினேன். குடும்பத்தோடு இறம்பொடை மலை இறக்கம் வழியாகக் கண்டிக்குப் போகத் திட்டம். முருகன் கோயிலில் பூசை போடக் காரைத் துடைத்தபோது, ஸ்டியரிங் அருகே ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தைச் சுரண்டப் போனேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்தவுங்க கும்பிட்ட சாமிங்க. கேக்காம எடுக்கலாமா? ஒட்டுனவுங்களப் பாத்து கேட்டுட்டு வாங்க. கண்டி எங்கயும் ஓடிறாது.”

விற்றவரைக் கேட்டேன். தனக்கு முன் வைத்திருந்த வலப்பனைக் கடைக்காரரைக் காட்டினார். கடைக்காரர், தனக்கு விற்ற நோட்டன் பிரிட்ஜ் தோட்டத்துக் கிளாக்கரைச் சொன்னார். படத்தை ஒட்டியவர் அந்தக் கிளாக்கர்தான். படத்தைப் பற்றியும் இறம்பொடை வழியாகக் கண்டிக்குப் போவதையும் சொன்னதும் பதறிவிட்டார்.

“படம் கெடக்கட்டும் தம்பி. பிரேக் பைப்ப மாத்திட்டாங்களா? எறக்கத்துல எனக்கு ரெண்டு தடவ பிரேக் புடிக்கல. மாத்தச் சொல்லித்தான் வித்தேன்.”

என்னிடம் யாருமே சொல்லவில்லை. மெக்கானிக் கழற்றியபோது, துருவேறிய பைப் அவர் கையிலேயே பொடிந்தது. அந்த இறக்கத்தில் என் பிள்ளைகளை வைத்து ஓட்ட இருந்தேனே! காப்பாற்றியது முருகனா அந்தோனியாரா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் பழைய வண்டி வாங்குவதென்றால், அதை முன்பு வைத்திருந்த எல்லோரையும் நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் பிள்ளைகளை ஏற்றுகிறேன்.